மட்டம் சேராத இடம்

கிரேடரின் பிளேடு தானாக மேலே எழும்பியது.

ஓட்டுநர் எந்த லிவரையும் தொடவில்லை. அவருடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கின் மேல்தான் இருந்தன. ஓரமாக நின்றிருந்த சர்வேயர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மண்ணை ஒரே சீராகச் சீவிக்கொண்டு வந்த அந்த நீண்ட இரும்புத் தகடு, ஓர் இடம் வந்ததும், வழியில் படுத்துத் தூங்குகிறவரை மிதித்துவிடாமல் தாண்டுகிற காலைப் போல மெல்ல உயர்ந்து, கொஞ்ச தூரம் அப்படியே அந்தரத்தில் போய், மறுபடி இறங்கி மண்ணைப் பற்றிக்கொண்டது. பின்னால் ஒரு சின்ன மேடு மிஞ்சியது.

பிளேடு தானாக ஏறி இறங்கும் வண்டிதான் அது. பிளேடின் இரண்டு முனைகளிலும் நட்டிருந்த கம்பங்களின் உச்சியில் வெள்ளைக் குமிழ்கள் இருந்தன. அவை சாட்டிலைட்டுகளிடமிருந்து சிக்னல் வாங்கி, பிளேடு எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை விரல் தடிமன்கூடப் பிசகாமல் சொல்லும். சாலை எப்படி வர வேண்டும் என்கிற வரைபடத்தை அவள் வண்டியில் ஏற்றிவிட்டால் போதும். எங்கே சீவ வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்த இடத்தில் வரைபடத்தில் மேடு எதுவும் கிடையாது. சாலை இங்கே கண்ணாடி மாதிரி மட்டமாக வர வேண்டும்.

வண்டி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் சைட்டில் எல்லோரும் அவரைச் 'சிரிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

"மேடம், உங்க சாட்டிலைட்டு கண்ணு அசந்துருச்சு போல."

"பின்னால எடுத்து இன்னொரு வாட்டி வாங்கண்ணே."

வந்தார். அதே இடம். பிளேடு உயர்ந்தது, தாண்டியது, இறங்கியது. மூன்றாவது முறை அவர் தானியங்கியை அணைத்துவிட்டு, கையாலேயே லிவரை அழுத்தி அந்த மேட்டைச் சீவித் தள்ளினார். சீவிய மண்ணிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. ஈர மண்ணின் வாசனை இல்லை. நாளெல்லாம் வெயிலில் உழைத்துவிட்டு வந்து கழற்றிப்போட்ட சட்டையின் வாசனை. டீசலாக இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் மண் கொட்டி, அடுக்கு அடுக்காக இறுக்கி எழுப்பிய கரை அது. போன மழைக்காலத்தில் அதன் ஒரு பக்கம் சரிந்தது. அப்போது மேலே ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவளுடைய கணவர். ரோலரைத் தோண்டி எடுத்தார்கள். இருக்கை காலியாக இருந்தது. தேடினார்கள், மழை விடவில்லை, இன்னும் சரியும் என்று பயந்தார்கள், நிறுத்திவிட்டார்கள். பிறகு அந்த மண்ணின் மேலேயே மண்ணைக் கொட்டி, இறுக்கி, கரையை மறுபடி எழுப்பினார்கள். ஏறிய ஒவ்வொரு அடுக்குக்கும் உயரம் எடுத்துக் கொடுத்தது அவள்தான். வேறு சைட்டுக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். "அவர இங்க விட்டுட்டு நான் எங்க போறது?" என்று கேட்டாள். அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சிரிப்பு வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன பிறகு, அவள் ரோவரை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தாள். ரோவர் என்பது ஆள் உயரக் கம்பு. உச்சியில் அதே மாதிரி ஒரு வெள்ளைக் குமிழ், நடுவில் கைக்கு எட்டும் ஒரு ஸ்கிரீன். கம்பின் முனையை மண்ணில் ஊன்றினால், அந்தப் புள்ளி எவ்வளவு உயரம் என்று ஸ்கிரீன் சொல்லும்.

சீவிய மண் கண்ணுக்கு மட்டமாகத்தான் இருந்தது. கம்பை ஊன்றினாள். ஒரு ஜாண் உயரம் என்றது ஸ்கிரீன்.

குமிழை அணைத்து, மறுபடி போட்டாள். குன்றின் அடிவாரத்தில், உயரம் முன்கூட்டியே தெரிந்த கான்கிரீட் குத்துக்கல் வரை நடந்து போய் அதன் தலையில் கம்பை வைத்துப் பார்த்தாள். துல்லியமாகக் காட்டியது. திரும்பி வந்தாள். ஒரு ஜாண் உயரம். நீளப் பலகையைப் போட்டு அதன் மேல் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி நட்ட நடுவில் வந்து நின்றது. மண் மட்டம். கம்பை ஊன்றினாள். ஒரு ஜாண்.

அவள் பயப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. கருவி மக்கர் பண்ணுகிறது என்றால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்த்துவிடலாம் என்று, கையகலத்துக்கு ஒரு புள்ளியாக, கோலிக்குண்டு விளையாடுகிற பிள்ளை மாதிரிக் குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு புள்ளிக்கும் கருவி ஒரு சின்ன 'டிங்' சத்தம் போட்டது. குன்றுகளுக்கு நடுவே காற்று நின்றிருந்தது. தூரத்தில் ஜெனரேட்டர் ஒன்று இருமிவிட்டு அடங்கியது. டிங். மேகம் இறங்கி, கரையின் இரண்டு பக்கச் சரிவுகளும் சாம்பல் நிறமாகி, தான் நிற்கும் இந்தத் துண்டு மண்ணைத் தவிர உலகத்தில் எதுவுமே கட்டி முடிக்கப்படவில்லை என்பதுபோல இருந்தது. டிங்.

ஸ்கிரீனில் மட்டமான இடம் பச்சை. உயர்ந்தால் மஞ்சள். இன்னும் உயர்ந்தால் சிவப்பு. எடுத்த புள்ளிகளையெல்லாம் சேர்த்து வரையச் சொன்னாள். பச்சைக்கு நடுவே மஞ்சளாக ஏதோ படர்ந்து, மெதுவாக அதன் ஓரங்கள் கூர்மையாயின.

தலை. தோள். மடங்கிய முழங்கால்.

ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஒரு கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது.

அவளுக்குத் தெரியாதா அந்தப் படுக்கை? எந்த ஊர் சைட்டில், எந்தத் தகரக் கொட்டகையில் தங்கினாலும் அவர் அப்படித்தான் படுப்பார். மகள் பிறந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, நீட்டிய அந்தக் கைதான் குழந்தைக்குத் தலையணை. கை மரத்துப்போனாலும் எடுக்க மாட்டார். "எடுத்தா முழிச்சுக்குவா" என்பார்.

அவள் ஸ்கிரீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

சைட் ஆபீஸுக்குப் போய் இன்ஜினியரிடம் அதைக் காட்டினாள். அவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஸ்கிரீனை நெடுநேரம் பார்த்தார். பிறகு பார்வையை அதிலிருந்து எடுத்தார். அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"மேடம், ரெண்டு பக்கமும் குன்று. நடுவுல சிக்னல் எகிறி எகிறி வரும். இந்த மாதிரி காட்டத்தான் செய்யும்."

"அவரு அங்கதான் இருக்காரு சார். தோண்டிப் பாத்துருவோம். எனக்காக."

"ரோலர் கெடச்ச இடம் எங்க, இது எங்க? அதுவும் இவ்வளவு மேல?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நாளன்னிக்குத் தார் வண்டி வருது. இறுக்கின கரைய மறுபடி தோண்டுறேன்னு நான் யார்கிட்ட போய் நிப்பேன், சொல்லுங்க. நீங்க ரெண்டு நாள் பாப்பாவோட இருங்க."

தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் குடிக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் மறுபடி கரைக்குப் போனாள். ஆட்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். கிரேடர் ஓரமாக, தலையைத் தொங்கப்போட்ட மாடு மாதிரி நின்றது. வண்டியை அணைத்து நேரமாகியும், அதற்குள் எங்கோ இரும்பு சுருங்கும் சத்தம் 'டக்… டக்' என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்கிரீனில் மஞ்சளாகத் தெரிந்த தோளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். சுற்றிலும் மண் குளிர்ந்திருந்தது. அங்கே மட்டும் இளஞ்சூடு.

"ஏங்க" என்றாள்.

 அத்தனை மாதமாக யாரையும் கூப்பிட வாய்ப்பில்லாமல் கிடந்த சொல்.

"எவ்வளவு தேடுனேன் தெரியுமா? இங்கயா படுத்திருக்கீங்க? 'நீ வானத்தப் பாத்து மண்ண அளக்குறவ, நான் மண்ணத் தவிர எதையும் பாக்காதவன், நமக்கு எப்படிடி ஒத்துப்போச்சு'ன்னு கேப்பீங்களே… பாத்தீங்களா, வானத்தக் கேட்டுத்தான் உங்களக் கண்டுபிடிச்சேன்." சிரிக்கப் பார்த்தாள், அது வேறு சத்தமாக வந்தது. "உங்க தங்கச்சி வந்து இருக்கா. சோறு பொங்கிப் போடுறா, என்னையும் பாத்துக்குறா. எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பாப்பாவுக்குத்தான்… பாப்பா தூங்க மாட்டேங்குறா. கண்ண மூடுனா வீறிட்டு அழுறா. தலையணைய வச்சா தூக்கி எறியுறா. அப்பா கை வேணுமாம். நான் என் கைய நீட்டுனா, 'இது இல்ல'ங்குறா. நான் எங்க போவேன் அதுக்கு?"

 உள்ளங்கைக்குக் கீழே, மிக ஆழத்தில், ஏதோ ஒன்று மெல்லப் புரண்டு படுத்த மாதிரி இருந்தது. சாலையில் லாரி போனால் தரை அப்படி அதிரும். சாலை இன்னும் திறக்கப்படவில்லை.

அன்றிரவு மகள் அழவில்லை.

காலையில் நாத்தனார் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "அண்ணி, அசையவே இல்ல அண்ணி! போட்டது போட்டபடி கெடந்தா. நான் ரெண்டு வாட்டி எழுந்து மூச்சு வருதான்னு பாத்தேன்னா பாத்துக்கங்க." மகளைத் தன் கால்களுக்கு நடுவே உட்காரவைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு ஓரிடத்தில் சிக்கியது. "எங்கடி போய் விழுந்த? தலையெல்லாம் மண்ணு. காதுக்குள்ளகூட இருக்கு."

பால்பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே மகள் சிரித்தாள். முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு ஒரே ராத்திரியில் போயிருந்தது. தாய் அந்த முகத்தைப் பார்த்தாள், மண்ணைப் பார்க்கவில்லை. மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரத்தில் ஒரு பங்கு இறங்கியதுபோல இருந்தது. மகளின் நெற்றியில் முத்தமிட்டாள். நெற்றி சில்லென்று இருந்தது. அதிகாலைக் குளிர்தானே என்று நினைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று அவளை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை. இன்ஜினியர் சொல்லியிருப்பார். அடுத்த நாள் தார் போடுவதற்காகக் கரை முழுவதையும் துடைத்துவைத்த மாதிரிப் பெருக்கியிருந்தார்கள். பிற்பகலில் தூறல் ஆரம்பித்தது. ஆட்கள் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினார்கள். அவள் ரோவரை எடுத்துக்கொண்டு போனபோது, சிரிப்பு மட்டும் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தார்.

"மேடம், போகாதீங்க."

"ஏண்ணே?"

அவர் தயங்கினார். "காலையில மறுபடி வண்டிய அங்க விட்டேன். பிளேடு தூக்கல." கரையைத் திரும்பிப் பார்த்தார். "எறங்குச்சு. நான் புடிச்சு இழுத்தும் நிக்கல. பக்கத்துல ஒரு குழி மாதிரி தோண்டிட்டு ஏறிக்கிச்சு. மண்ணப் போட்டு மூடி, ரோலர் விட்டு அமுக்கிட்டோம். சார்கிட்ட சொல்லல."

 அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

டிங். டிங். தூறல் ஸ்கிரீனில் முத்து முத்தாக விழுந்து, விரலால் துடைக்கத் துடைக்க மறுபடி விழுந்தது. படம் வரைய ஆரம்பித்தது. அதே தலை. அதே தோள். மஞ்சள் இப்போது சிவப்பாகியிருந்தது. நேற்றைவிட உயரத்துக்கு வந்திருந்தார். நீட்டிய கைக்கும் மார்புக்கும் நடுவே புதிதாக ஒரு நிறம். நீலம். நீலம் என்றால் பள்ளம்.

ஒருவர் படுக்கிற மாதிரியான பள்ளம்.

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தால் இல்லை. எத்தனை இரவு அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, முதுகுப் பக்கம் இருந்த அந்த வெற்றிடத்தைத் திரும்பிப் பார்க்காமலேயே விடிய வைத்திருக்கிறாள். தனக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறார். நாளைக்குத் தார் விழுந்துவிடும். கருப்பாக, கொதிக்கக் கொதிக்க, எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்குமுன் ஒரே ஒரு தடவை. கொஞ்ச நேரம்தான். எழுந்து வந்துவிடலாம்.

செருப்பைக் கழற்றிவிட்டாள். கம்பின் முனையால் மண்ணில் கோடு கிழித்து, நீலம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று அடையாளம் செய்துவிட்டு, ரோவரைக் கரையோரம் சாய்த்து வைத்தாள். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த அந்த ஈர மண்ணில், கோட்டுக்குள் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து படுத்தாள். முழங்கை பட்டதுமே மண் விட்டுக்கொடுத்தது. ரோலர் ஓட்டி இறுக்கிய மண், மாவு மாதிரி இளகியது. அந்தச் சட்டை வாசனை. கழுத்துக்குக் கீழே இளஞ்சூடு.

தலையை வைத்தாள். கால் இடித்தது.

முழங்காலை மடக்கினாள். இடுப்பு கொள்ளவில்லை. தோளைக் குறுக்கிப் பார்த்தாள். மண் அவளுடைய தோளை வெளியே தள்ளியது. மெதுவாக. மரியாதையாக. தப்பான இடத்தில் வந்து உட்கார்ந்த விருந்தாளியைத் தள்ளுகிற மாதிரி.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

தான் கிழித்த கோட்டைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை. நாள்தோறும் அளந்தே பழகிய கண். அளவெடுக்க அதற்குக் கருவி தேவையில்லை.

அவளுடைய இடுப்பு உயரம்கூட இல்லாத கோடு.

பாப்பா தூங்க மாட்டேங்குறா. சொன்னது யார்? அவள்தான் சொன்னாள். இந்த இடத்தில். இந்த மண்ணில் கையை வைத்து.

ஓடினாள். செருப்பில்லை. சரிவில் விழுந்தாள், எழுந்தாள். தார்ப்பாய்க்குக் கீழிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஜல்லி காலைக் கிழித்தது. கொட்டகைகளின் வரிசை. தகரத்தில் மழைச் சத்தம். வாசலில் நாத்தனார் துணிகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி இப்படி ஓடி வர்றீங்க? கால்ல ரத்தம்—"

"பாப்பா எங்க?"

"தூங்குறா. பொழுது சாயுற நேரத்துல படுக்காதடின்னு சொன்னேன், கேக்கல. அவளே போய்க் கதவச் சாத்திட்டுப் படுத்துகிட்டா."

கதவைத் தள்ளினாள்.

அறை இருட்டாகவில்லை. ஜன்னலில் இன்னும் சாம்பல் வெளிச்சம் இருந்தது. கட்டிலில் மகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலையணை தரையில் கிடந்தது.

மகளின் தலை மெத்தையில் படவில்லை.

ஒரு கை தடிமனுக்கு மேலே நின்றது. அடியில் ஒன்றுமில்லை. அடியில் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. கன்னம் மட்டும் எதன் மேலோ அழுந்தி, தூங்குகிற குழந்தையின் கன்னம் அழுந்துகிற மாதிரியே பிதுங்கியிருந்தது. உதட்டோரம் எச்சில். நிம்மதியான மூச்சு. முடிக்கற்றை ஒன்று, யாரோ விரலால் ஒதுக்குவதுபோல, நெற்றியிலிருந்து காதுக்குப் பின்னால் தானாகப் போனது.

அவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். அந்த ஒரு கணத்தில் அவளுக்கு மகளை எழுப்ப மனம் வரவில்லை.

பிறகு பார்த்தாள். மெத்தை மகளைச் சுற்றி உள்வாங்கியிருந்தது. இடுப்பு, கட்டில் சட்டத்துக்குக் கீழே போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

பாய்ந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சேற்றில் புதைந்த காலை இழுப்பது போல இருந்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.

"விடும்மா" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல், தூக்கக் கலக்கத்தில். "இழுக்காத. அப்பாவுக்குக் கை வலிக்குதாம்."

மகளின் இன்னொரு கை எதிர்ப்பக்கம் நீண்டிருந்தது. துவளாமல். சுவரை நோக்கி, அந்தரத்தில், விறைப்பாக. அந்தச் சின்ன மணிக்கட்டில், விரல் விரலாகச் சதை உள்ளே அமுங்கி வெளுத்திருந்தது. அந்தப் பள்ளங்களிலிருந்து செம்மண் கசிந்து விரிப்பில் சொட்டியது.

அவள் விடவில்லை.

அந்தப் பக்கமும் விடவில்லை.